நூலுக்கு இன்று என்ன விதி? மத்திய ஜவுளி அமைச்சகத்துக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மத்திய ஜவுளி அமைச்சகத்தில் இருப்பவர்களுக்கும், சுங்க வரி அறிவிப்புகளை எழுதும் நிதி அமைச்சக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் திருப்பூரில் ஜாப் வொர்க்குக்கு, அதாவது அடுத்தவர் நூலைக் கூலிக்குத் துணியாகப் பின்னிக் கொடுக்க, நிட்டிங் ஓட்டுகிறவன். நூல் ஒருவருடையது, துணி இன்னொருவருடையது, மெஷின் மட்டும் என்னுடையது, அதிலும் பாதி பேங்க்குடையது. என்னிடம் ஏற்றுமதி லைசன்ஸ் கிடையாது, சங்கத்தில் பொறுப்பு கிடையாது, டெல்லிக்கு மனு கொண்டுபோகும் குழுவில் என் மாதிரி ஆட்களைச் சேர்ப்பதும் கிடையாது. ஆனால் நீங்கள் ஒரு அறிவிப்பு போட்டால் அது கடைசியில் வந்து நிற்கும் இடம் எங்கள் ஷெட்தான், அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்கா வரியைப் பற்றித்தான் புலம்பப் போகிறான் என்று நினைப்பீர்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு 50 சதவீதம் என்று ஆனபோது ஊரே ஆடிப்போனது உண்மை. பையர்கள், அதாவது வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள், தள்ளுபடி கேட்டார்கள். ஆனால் அது உங்கள் பேனாவில் இல்லாத விஷயம், யாரோ ஏற்றுவார்கள், யாரோ இறக்குவார்கள். உங்கள் பேனாவில் இருப்பதைப் பற்றி மட்டும் பேசலாம்.

சொல்ல வந்தது ஒன்றுதான். விதி கடுமையாக இருந்தால் இந்த ஊர் தாங்கிக்கொள்ளும், ஏற்கெனவே தாங்கியும் காட்டியிருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஒரு விதி எத்தனை மாதம் உயிரோடு இருக்கும் என்று தெரியாத ஊரில் யாரும் ஏழு வருடக் கடன் போட்டுப் புது மெஷின் இறக்க மாட்டார்கள். தொழில்நுட்பம், புத்தாக்கம், உலகப் போட்டி என்று நீங்கள் மேடையில் பேசுவதெல்லாம் எங்களுக்கு அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் தைரியம்தான். அந்தத் தைரியத்தைத்தான் உங்கள் அறிவிப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்துகொண்டிருக்கின்றன.

பஞ்சிலிருந்து ஆரம்பிக்கலாம். 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு வரி போட்டீர்கள், செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து 11 சதவீதம். அடுத்த வருடமே பஞ்சு விலை ஒரு கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, கண்டி என்பது 356 கிலோ. நூல் மில்கள் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி விலை அறிவிக்கும், அந்தத் தேதி நெருங்கினாலே பனியன் கம்பெனிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். 2022 மே 16, 17 இரண்டு நாளும் திருப்பூர் கடையடைத்தது. அதற்கு முன்பே, ஏப்ரல் 14 முதல் செப்டம்பர் 30 வரை வரி விலக்கு என்று அறிவித்திருந்தீர்கள், பிறகு அக்டோபர் வரை நீட்டினீர்கள், அப்புறம் வரி திரும்ப வந்தது. 2024 பிப்ரவரியில் மிக நீள இழைப் பஞ்சுக்கு மட்டும் விலக்கு. 2025 ஆகஸ்ட் 19-இல் எல்லாப் பஞ்சுக்கும் விலக்கு, அதுவும் செப்டம்பர் 30 வரைக்கும்தான். ஒன்பது நாள் கழித்து, இல்லை இல்லை, டிசம்பர் 31 வரை என்று மாற்றினீர்கள்.

அந்த ஆகஸ்ட் 19 அறிவிப்பை எழுதியவர் ஒரு உலக வரைபடத்தைப் பார்த்திருக்கலாம். பிரேசிலிலோ அமெரிக்காவிலோ ஒரு மில் பஞ்சு வாங்கினால், பேரம் முடித்து, எல்.சி. (பணத்துக்கு பேங்க் கொடுக்கும் உத்தரவாதக் கடிதம்) திறந்து, கப்பல் ஏறி, தூத்துக்குடி வந்து இறங்க ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். நீங்கள் கொடுத்த அவகாசம் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் யாருக்கு லாபம்? ஏற்கெனவே கடலில் சரக்கு வைத்திருந்தவருக்கும், துறைமுகக் கிடங்கில் வரி கட்டாமல் இருப்பு வைத்திருந்தவருக்கும்தான். புதிதாக ஒருவர் திட்டமிட்டு வாங்க அதில் வழியே இல்லை.

விவசாயியைக் காக்கத்தான் இந்த வரி என்பீர்கள். சரி, காக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் 2013-14-இல் 398 லட்சம் பேல் (பொதி) பஞ்சு விளைந்த நாட்டில் 2024-25-இல் 300 லட்சத்துக்குள் வந்துவிட்டதே, அது இறக்குமதியாலா நடந்தது? பிடி பருத்தி, அதாவது காய்ப்புழுவைத் தாங்க மரபணு மாற்றிய பருத்தி, 2002-இல் வந்தது, அதன் இரண்டாம் தலைமுறை 2006-இல் வந்தது, அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி புது விதைத் தொழில்நுட்பம் எதுவும் காட்டுக்கு வரவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த இரண்டாம் தலைமுறையையும் தின்னப் பழகிவிட்டது. மரபணு விதை வேண்டுமா வேண்டாமா என்பதில் நியாயமான வாதம் இரண்டு பக்கமும் இருக்கிறது, நான் அதற்குள் போகவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லி வேறு நல்ல ரகத்துக்குப் பணம் போடுங்கள், வேண்டும் என்றால் அனுமதி கொடுங்கள். இருபது வருடமாக இரண்டும் செய்யாமல், காட்டில் விளைச்சல் குறைந்ததற்குத் துறைமுகத்தில் வரி போட்டால் விவசாயிக்கும் பலன் இல்லை, மில்லுக்கும் இல்லை.

இதில் பங்களாதேஷைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். அங்கே சொல்லிக்கொள்ளும்படி பஞ்சே விளைவதில்லை. 1980-களில் பாண்டட் வேர்ஹவுஸ், பேக்-டு-பேக் எல்.சி. என்று இரண்டு ஏற்பாடு செய்தார்கள். ஏற்றுமதிக்கு வரும் மூலப்பொருளுக்கு வரி கிடையாது, பையர் கொடுக்கும் எல்.சி.யைக் காட்டியே துணி வாங்கக் கடன் வாங்கிக்கொள்ளலாம். நாற்பது வருடத்தில் அங்கே ஆட்சி கவிழ்ந்தது, ராணுவம் வந்தது, போனது, அந்த இரண்டு ஏற்பாட்டின் அடிப்படையில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. ஏழை நாடு என்பதால் ஐரோப்பாவில் வரிச் சலுகை கிடைத்தது, கூலி குறைவு, எல்லாம் சரிதான். ஆனால் டாக்காவில் ஒருவன் புது பேக்டரி போடும்போது பஞ்சு வரி அடுத்த மாதம் என்ன ஆகும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்து பாலியஸ்டர், மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ். நீங்களே பத்து வருடமாகச் சொல்கிறீர்கள், உலகம் செயற்கை இழைப் பக்கம் போய்விட்டது, திருப்பூர் இன்னும் காட்டனையே பிடித்துக்கொண்டு கோடைக்காலச் சட்டை மட்டும் தைக்கிறது, விளையாட்டு உடைக்கு மாறுங்கள் என்று. நியாயமான பேச்சு, எங்களுக்கும் தெரியும். சரி என்று சிலர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், 2023-இல், விஸ்கோஸ் இழைக்கும் பாலியஸ்டர் இழைக்கும் நூலுக்கும் தரக் கட்டுப்பாட்டு உத்தரவை அமலாக்கினீர்கள். பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின், முத்திரை இல்லாமல் வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வரக்கூடாது. முத்திரை வாங்க அந்த வெளிநாட்டு ஆலைக்கே நம் அதிகாரி நேரில் போய்ச் சோதிக்க வேண்டும். எத்தனை ஆலைக்கு, எத்தனை மாதத்தில் போவார்கள்? இந்தியாவில் விஸ்கோஸ் இழை தயாரிப்பது கிட்டத்தட்ட ஒரே ஒரு குழுமம். அந்த நிலையில் இறக்குமதிக் கதவைச் சாத்தினால் தரம் உயருமா, விலை உயருமா என்று கண்டுபிடிக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஏற்றுமதிக்காக அட்வான்ஸ் ஆதரைசேஷன் என்ற வரியில்லா லைசன்ஸில் இறக்குமதி செய்பவர்களுக்கு நடுவில் விலக்கு கொடுத்தீர்கள், ஆனால் அந்த லைசன்ஸும் காகித வேலையும் பெரிய கம்பெனிக்குத்தான் கட்டுப்படியாகும். இருபது முப்பது பவர் டேபிள் (தையல் மெஷின்) வைத்திருப்பவர் லோக்கல் மார்க்கெட்டில் நூல் வாங்குகிறார், ஏறிய விலையைத்தான் கொடுத்தார்.

பிறகு 2025 நவம்பரில் அந்த உத்தரவுகளில் பெரும்பாலானவற்றை ஒரே மாதத்துக்குள் வாபஸ் வாங்கினீர்கள். நல்லது, நன்றி. ஆனால் அந்த இரண்டரை வருடத்தில் பாலியஸ்டருக்கு மாறலாம் என்று கணக்குப் போட்டு, கூடாது என்று முடிவு செய்து, மறுபடி பழைய காட்டன் சிங்கிள் ஜெர்சித் துணிக்கே திரும்பியவர் கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது? அவர் உங்களுக்கு மனு எதுவும் எழுதவில்லை. மெஷின் வாங்காமல் இருந்துவிட்டார், அவ்வளவுதான். வாங்காத மெஷினுக்குப் புள்ளிவிவரம் எடுப்பவர் யாரும் இல்லை.

ஜி.எஸ்.டி.யில் நடந்தது இதைவிட நாடகம். செயற்கை இழைக்கு 18, நூலுக்கு 12, துணிக்கு 5 என்று தலைகீழாக இருந்த வரியைச் சரிசெய்கிறோம் என்று எல்லாவற்றையும் 12 ஆக்கி, 2022 ஜனவரி 1 முதல் அமல் என்று நவம்பரில் அறிவித்தீர்கள். கம்பெனிகள் விலைப்பட்டியலை மாற்றின, பையர்களிடம் பேசின, சாஃப்ட்வேரை மாற்றின. டிசம்பர் 31 அன்று கவுன்சில் கூடி, ஒத்திவைக்கிறோம் என்றது. விடிந்தால் அமலாக வேண்டிய விதி! கடைசியில் 2025 செப்டம்பர் 22-இல் இழைக்கும் நூலுக்கும் 5 சதவீதம் ஆக்கினீர்கள், அது சரியான முடிவு, அதில் குறை சொல்ல மாட்டேன். நான்கு வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம் என்பது மட்டும்தான்.

பேக்கிங் கிரெடிட்டுக்கான, அதாவது ஏற்றுமதி ஆர்டரைச் செய்து முடிக்க வாங்கும் பேங்க் கடனுக்கான, வட்டிச் சலுகையையும் சொல்லிவிடுகிறேன். சிறு, குறு உற்பத்தியாளருக்கு 3 சதவீதம். 2024 ஜூனில் முடிய வேண்டியது, இரண்டு மாதம் நீட்டிப்பு, அப்புறம் ஒரு மாதம், அப்புறம் மூன்று மாதம், டிசம்பர் 31-உடன் நின்றது. அதை வேறு வடிவில் கொண்டுவரும் ஏற்றுமதி ஊக்குவிப்பு மிஷனுக்கு ஒப்புதல் கொடுத்தது 2025 நவம்பரில். ஒரு ஆர்டரின் ஆயுளே சாம்பிளிலிருந்து கன்டெய்னர் ஏறும்வரை நான்கைந்து மாதம், அதற்கு ஒரு மாத நீட்டிப்பை வைத்துக்கொண்டு ஆர்டர் பேசும் மெர்ச்சன்டைசர் எந்த வட்டியைப் போட்டு பையருக்கு விலை சொல்வான்?

இப்போது மெஷின் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் என் வயிற்றுப்பாடு.

இந்த ஊர் ஏன் சின்னச் சின்ன யூனிட்டாகச் சிதறிக் கிடக்கிறது என்று உங்கள் அறிக்கைகள் வருத்தப்படுகின்றன. அது நீங்கள், அதாவது உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள், போட்ட விதியின் பலன். பின்னலாடை பல வருடம் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட தொழில். மெஷின் முதலீடு ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. அதனால் வளர்ந்தவர் என்ன செய்தார்? பெரிய பேக்டரி கட்டாமல், மனைவி பேரில் ஒன்று, தம்பி பேரில் ஒன்று, மச்சான் பேரில் ஒன்று என்று கம்பெனி பதிவு செய்தார். ஒதுக்கீட்டை நீக்கியது 2005-இல். அதே 2005 ஜனவரி 1-ஆம் தேதிதான் எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று கட்டுப்படுத்திய ஜவுளிக் கோட்டா உலக அளவில் ஒழிந்தது. கோட்டா ஒழியப் போகிறது என்று பத்து வருடம் முன்பே எழுதிக் கையெழுத்தானது, சீனா அந்தப் பத்து வருடத்தில் பெரிய பேக்டரிகளைக் கட்டி முடித்துக் காத்திருந்தது. நாம் பந்தயம் தொடங்கிய நாளில் கால் விலங்கைக் கழற்றிக்கொண்டிருந்தோம். ஒதுக்கீட்டில் நல்லதும் நடந்தது, மறுக்கவில்லை. டெய்லராக இருந்தவர் முதலாளி ஆனது அதனால்தான், இந்த ஊரின் குணமே அதுதான். ஆனால் அதன் விலையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

1999-இல் டஃப்ஸ் திட்டம் வந்தது, தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி. கடன் வட்டியில் 5 சதவீதம் அரசு ஏற்றது. உண்மையிலேயே நல்ல திட்டம், இன்று திருப்பூரிலும் கோவையிலும் ஓடும் நல்ல மெஷின்களில் ஏராளமானவை அதில் வந்தவை. அதையும் விட்டீர்களா? 2010 ஜூன் 29 முதல் 2011 ஏப்ரல் 27 வரை திடீரென்று நிறுத்தினீர்கள், இன்றும் அதற்குத் தொழிலில் 'பிளாக் அவுட் பீரியட்' என்றுதான் பேர். அந்தப் பத்து மாதத்தில் திட்டத்தை நம்பிக் கடன் வாங்கியவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. 2016-இல் வேறு வடிவம், முதலீட்டு மானியம் 10, 15 சதவீதம் என்று, ஆனால் கூட்டு ஆய்வுக் குழு வந்து மெஷினைப் பார்த்து, சீரியல் நம்பரைச் சரிபார்த்து, பணம் வர வருடங்கள். 2022 மார்ச் 31-இல் அதுவும் முடிந்தது. அதன் பிறகு எங்கள் அளவு ஆட்களுக்கு மெஷினுக்கென்று நேரடியாக ஒன்றும் இல்லாமலே வருடங்கள் போயின.

பதிலாக வந்தது பி.எல்.ஐ., உற்பத்திக்கு ஏற்ப ஊக்கத்தொகை கொடுக்கும் திட்டம். 10,683 கோடி ரூபாய், கேட்கவே நன்றாக இருந்தது. ஆனால் குறைந்தபட்ச முதலீடு 100 கோடி, மேல் வகுப்புக்கு 300 கோடி, செயற்கை இழைத் துணிக்கும் ஆடைக்கும் டெக்னிக்கல் டெக்ஸ்டைலுக்கும் (மருத்துவம், தொழிற்சாலை போன்ற வேலைக்கான துணி) மட்டும். காட்டன் ஊரில், ஜாப் வொர்க் ஊரில், 100 கோடி. 2025 அக்டோபரில் அதைப் பாதியாகக் குறைத்தீர்கள். 50 கோடி போட இந்த ஊரில் ஆள் உண்டு, சிலர். ஆனால் ஒரு டி-ஷர்ட் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று எத்தனை ஷெட் ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். இவர்கள் மொத்தமும் ஒரே தொழிற்சாலை, கூரை மட்டும் தனித்தனி. உங்கள் திட்டங்கள் கூரையை எண்ணுகின்றன.

மெஷின் யார் செய்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. கோவையில் 1962-இல் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ், சுவிட்சர்லாந்து ரீட்டர் கம்பெனியுடன் கூட்டு வைத்துத் தொழிலைக் கற்று, நூற்பாலைக்கு வேண்டிய மெஷின் வரிசை முழுவதையும் செய்கிற உலகின் சில கம்பெனிகளில் ஒன்றாக ஆனது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் திருப்பூரில் வட்டப் பின்னல் மெஷின்கள் பெரும்பாலும் ஜெர்மனி, இத்தாலி, தைவான், சீனாவிலிருந்து வந்தவை. ஏன் இந்த வித்தியாசம்? என் கணிப்பு இது: நூற்பாலைகள் பெரிதாக, நிலையாக இருந்தன, அவற்றை நம்பி ஒருவர் மெஷின் செய்ய முடிந்தது. பின்னலில் வாங்குகிறவன் சின்னவன், பழைய மெஷினைத் தேடுகிறவன், மானியம் இருக்கும் வருடம் கூட்டமாக வாங்கி, இல்லாத வருடம் ஒன்றுமே வாங்காதவன். அப்படிப்பட்ட சந்தையை நம்பி யார் டிசைன் ஆபீஸ் திறப்பார்? அப்புறம் 2024 ஆகஸ்டில் கனரகத் தொழில் அமைச்சகம் தறி, எம்பிராய்டரி மெஷின் உட்படப் பல இயந்திரங்களுக்கும் பி.ஐ.எஸ். கட்டாயம் என்றது. ஒரு வருடத்தில் அமல் என்று சொல்லி, பிறகு 2026 செப்டம்பருக்குத் தள்ளியது. உள்ளூரில் மெஷின் செய்ய நினைப்பவனுக்கும் இது உதவாது, வெளியிலிருந்து வாங்க நினைப்பவனுக்கும் உதவாது.

கடுமையைத் தாங்குவோம் என்று சொன்னேன் அல்லவா. எங்கள் ஊர் ஆறான நொய்யலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாயக்கழிவை ஆற்றில் விட்டோம், ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது, சாயத்தண்ணீர்த் தொட்டி ஆனது, கீழே இருந்த விவசாயிகள் நிலமும் கிணறும் கெட்டன. அவர்கள்தான் கோர்ட்டுக்குப் போனார்கள், விடாமல் போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக்கூடாது, அதுவரை திறக்கக்கூடாது. அந்த வருடம் ஊர் பட்டது கொஞ்சமல்ல. சாயம் போடத் துணி லாரியில் வெளிமாநிலம் போனது, வேலை இல்லாமல் ஆட்கள் ஊர் திரும்பினார்கள், சிலர் பக்கத்து மாவட்டங்களில் திருட்டுச் சாயமும் போட்டார்கள், அதுவும் நடந்தது.

ஆனால் அந்த விதியில் ஒரு குணம் இருந்தது, அது நகரவில்லை. அடுத்த மாதம் தளர்த்துவார்கள், ஆட்சி மாறினால் மாற்றுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். நகராது என்று தெரிந்த பிறகுதான் எல்லோரும் உட்கார்ந்து யோசித்தார்கள். மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஆர்.ஓ. போட்டுத் தண்ணீரை எடுத்தார்கள், மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பை எடுத்தார்கள், அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புநீரையே சுத்தம் செய்து மறுபடி சாயம் போட அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். எடுத்த தண்ணீரும் எடுத்த உப்பும் திரும்பத் திரும்ப அதே சாயத் தொட்டிக்குப் போகின்றன. இதைப் பார்க்க இன்று வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். திருப்பூர் தன் சொந்தப் புத்தியில் உருவாக்கிய தொழில்நுட்பம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன், அது நகராத விதியில் பிறந்தது. இன்னும் தீராத சிக்கலும் உண்டு: மிஞ்சும் கலவை உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. கரண்ட் செலவும் விறகுச் செலவும் ஒவ்வொரு கிலோ துணியின் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன, இதே சுமை இல்லாத ஊர்களோடும் நாடுகளோடும்தான் விலையில் மோதுகிறோம். பசுமை, பசுமை என்று சொல்லும் பையர் அதற்கு ஒரு சென்ட் கூடக் கொடுப்பதில்லை. இங்கிலாந்துடன் வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலையில் கையெழுத்தானபோது வரி நீங்கும் சந்தோஷம் எங்களுக்கும்தான், ஆனால் அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் இந்த ஒரு விஷயத்துக்கு, தண்ணீரைத் திரும்ப எடுக்கும் துணிக்கு, தனியாக ஏதாவது கேட்டு வாங்க முடியுமா என்று பாருங்கள். அது பிச்சை இல்லை, எங்களிடம் இருக்கும் சரக்கு.

மற்றபடி நான் கேட்பது பெரிய தொகை எதுவும் இல்லை. பஞ்சு, இழை, நூல் மீது எந்த வரி மாற்றம் என்றாலும் ஆறு மாதம் முன்னால் சொல்லுங்கள், விலக்கு கொடுத்தால் ஒரு முழுப் பஞ்சு சீசனுக்காவது கொடுங்கள். எந்தச் சரக்குக்குத் தரக் கட்டுப்பாடு போட்டாலும், அந்த உத்தரவிலேயே உள்நாட்டில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள், சோதனைக்கூடம் எங்கே இருக்கிறது, முத்திரை கிடைக்க எத்தனை நாள் என்று எழுதுங்கள். செய்கிறவர் ஒருவர் இருவர்தான் என்றால் போடாதீர்கள். மெஷினுக்கு மறுபடி ஒரு திட்டம் கொண்டுவந்தால் மானியம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, பத்து வருடம் நடுவில் நிற்காது என்று சட்டமாக எழுதிக் கொடுங்கள், நான்கைந்து ஜாப் வொர்க் யூனிட் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் போட இடம் கொடுங்கள். அந்தத் திட்டத்தில் உள்நாட்டில் செய்த வட்டப் பின்னல் மெஷினுக்கு இரண்டு சதவீதம் கூடுதலாக வைத்தால் கோவையில் யாராவது ஒருவர் துணிவார். கோவையில் 1956-லிருந்து சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஆராய்ச்சிக்குப் புதுக் கட்டடம் கட்டவும் வேண்டாம்.

ஆய்வுக்கு நேரில் வருவதாக இருந்தால் தயவுசெய்து மாதத்தின் முதல் வாரம் வாருங்கள். ஓட்டல் ஹாலில் மீட்டிங் போட்டுப் பொன்னாடை போர்த்தும் நாளில் வந்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது. நூல் விலை அறிவிப்பு வந்த மறுநாள் காலை ஏதாவது ஒரு நூல் கடையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள், யார் எதை வாங்குகிறார்கள், யார் வாங்காமல் திரும்புகிறார்கள், திரும்புகிறவர் என்ன சொல்லிவிட்டுத் திரும்புகிறார் என்று கேளுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை, இப்போது இந்த ஊரில் பாதிப் பேர் இந்தி பேசுகிறவர்கள்தான்.

இப்படிக்கு,
திருப்பூரில் நிட்டிங் ஜாப் வொர்க் ஓட்டும் ஒருவன்